தவணை ஏன் வரவில்லை? தாய்க்கும் சேய்க்குமான அரசு உதவிகள்: கேள்வி - பதில்

தமிழ்நாட்டில் கருவுற்ற பெண்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் கிடைக்கும் அரசு உதவிகள் பற்றி வாசகர்கள் கேட்டவை இவை. ஒரே மாதிரியான கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: எனக்கு இது முதல் பிரசவம். மூன்றாம் மாதமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்து பிக்மி எண் (கர்ப்பப் பதிவு எண்) வாங்கிவிட்டேன். இப்போது ஏழாம் மாதம். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவியின் முதல் தவணை 6,000 ரூபாய் இன்னும் வரவில்லை. நர்ஸம்மா, "எங்க பக்கம் எல்லாம் ஏத்தியாச்சு, பேங்க்ல கேளுங்க" என்கிறார். வங்கியில், "ஆதார் லிங்க் ஆகித்தான் இருக்கு" என்கிறார்கள். நான் யாரிடம் போவது? (விழுப்புரம் மாவட்டம்)

இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். பணமும் வந்திருக்கலாம், ஆனால் நீங்கள் பார்க்காத கணக்குக்கு.

வங்கியில் ஆதார் நகல் கொடுத்துக் கணக்கோடு சேர்ப்பது ஒன்று. அரசுப் பணம் எந்தக் கணக்குக்குப் போகவேண்டும் என்று என்பிசிஐ (வங்கிகளுக்கிடையே பணப்பரிமாற்றத்தை நடத்தும் தேசிய நிறுவனம்) பட்டியலில் பதிவது வேறொன்று. முதலாவது உங்களை அடையாளம் காட்ட மட்டுமே. இரண்டாவதுதான் பணம் வரும் வழி. ஒருவருக்கு நான்கு வங்கிகளில் கணக்கு இருக்கலாம், நான்கிலும் ஆதார் இருக்கலாம். ஆனால் என்பிசிஐ பட்டியலில் ஒரு ஆதாருக்கு ஒரு வங்கிதான். கடைசியாக எதைப் பதிந்தார்களோ அதற்கே பணம் போகும்.

பள்ளியில் படிக்கும்போது உதவித்தொகைக்காகத் திறந்த கணக்கு, வீடு தேடி வந்த தபால்காரர் கைரேகை வாங்கித் திறந்த அஞ்சல் வங்கிக் கணக்கு, கடனுக்காகக் குழுவில் எல்லாரும் சேர்ந்து போய்த் திறந்த கணக்கு: காணாமல்போன தவணை பெரும்பாலும் இவற்றில் ஒன்றில்தான் கிடக்கிறது. அதனால் வங்கியில் "ஆதார் லிங்க் ஆகியிருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். "அரசு மானியம் வருவதற்கு என்பிசிஐ-யில் இந்தக் கணக்கு பதிந்திருக்கிறதா?" என்று கேளுங்கள். கேள்வியை மாற்றினால் பதிலும் மாறும்.

வங்கிக்குப் போகும் முன்பே இதைப் பார்த்துவிடலாம். 'மை ஆதார்' இணையதளத்தில் ஆதார் எண்ணைக் கொடுத்து, கைப்பேசிக்கு வரும் ஓடிபி-யைப் போட்டு உள்ளே போனால் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' என்று ஒரு கட்டம் இருக்கும். எந்த வங்கி, என்றைக்குப் பதிந்தது, இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்ற மூன்றும் அதில் தெரியும். ஆதாரில் இருக்கும் கைப்பேசி எண் பழையதாக இருந்தால் ஓடிபி வராது. ஆதார் மையத்துக்குப் போய் முதலில் எண்ணை மாற்றுங்கள். இதற்குப் பின்னால் வரும் பல வேலைகளுக்கும் அந்த எண் வேண்டும்.

பழைய வங்கியின் பெயர் வந்தால் இரண்டு வழி உண்டு. அந்தக் கணக்கு இன்னும் ஓடுகிறது என்றால் அங்கே போய்ப் பாஸ்புக்கைப் பதிந்து பாருங்கள், பணம் அங்கேயே இருக்கக்கூடும். அதை விட்டுவிட நினைத்தால், இப்போது புழங்கும் வங்கியில் ஆதார் இணைப்புச் சம்மதப் படிவம் வாங்கி, "வேறு வங்கியிலிருந்து இங்கே மாற்றுகிறேன்" என்ற இடத்தில் குறியிட்டு, பழைய வங்கியின் பெயரையும் எழுதிக் கொடுங்கள். சில நாள் கழித்து இணையதளத்தில் மறுபடி பார்த்து, மாறியது உறுதியான பிறகே நர்ஸிடம் சொல்லுங்கள்.

கணக்கு தாயின் பெயரில் தனிக்கணக்காக இருக்கவேண்டும். கணவரோடு சேர்ந்த கூட்டுக்கணக்கு வேண்டாம். ஆதாரில் அப்பா பெயரின் முதலெழுத்தும் வங்கியில் கணவர் பெயரின் முதலெழுத்தும் இருந்தால் சரிபார்ப்பில் இடறும். எது சரி என்று வாதாடுவதைவிட இரண்டையும் ஒன்றாக்கிவிடுவது மேல். பழைய பாஸ்புக் அலகாபாத் வங்கி, சிண்டிகேட் வங்கி, ஆந்திரா வங்கி என்றெல்லாம் இருந்தால், 2020-இல் அவை வேறு வங்கிகளோடு இணைந்துவிட்டன. அந்தப் புத்தகத்தில் அச்சிட்ட ஐஎஃப்எஸ்சி எண்ணைப் பார்த்துப் பதிந்திருந்தால் பணம் திரும்பிப் போகும்.

இத்தனையும் சரியாக இருந்தும் வரவில்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில், "எந்தத் தவணை, எந்தத் தேதியில் ஒப்புதலுக்குப் போனது, திரும்பி வந்திருந்தால் என்ன காரணம்?" என்று மூன்றையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதோடு வட்டார மருத்துவ அலுவலரைப் பார்க்கலாம், 104-க்கும் பேசலாம். முதல்வரின் உதவி மையம் 1100-இல் புகார் பதிந்தால் ஒரு எண் தருவார்கள், அதைக் குறித்துவையுங்கள். வெறுமனே "பணம் வரலை" என்று சொல்லும் புகார் சுற்றிச் சுற்றி அதே நர்ஸிடம்தான் வந்து நிற்கும்.

கேள்வி: மொத்தம் 18,000 ரூபாய் என்கிறார்கள், சிலர் 14,000 என்கிறார்கள். எது சரி? எந்தெந்த மாதம் வரும்? (தென்காசி)

இரண்டும் சரி. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் மதிப்பு 18,000. அதில் 14,000 ரொக்கம். மீதி 4,000 ரூபாய்க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். பெட்டகத்தில் சத்துப்பவுடர், பேரீச்சை, நெய், இரும்புச்சத்து டானிக், குடற்புழு மாத்திரை போன்றவை இருக்கும். பெட்டகங்கள் கர்ப்பத்தின் மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் தரப்படுகின்றன.

முன்பு ரொக்கத்தை ஐந்து தவணையாகக் கொடுத்தார்கள். இப்போது மூன்று: கர்ப்பத்தின் நான்காம் மாதம் 6,000, குழந்தைக்கு நான்கு மாதம் ஆனதும் 6,000, ஒன்பது மாதம் ஆனதும் 2,000. மத்திய அரசின் பிரதமர் மாத்ரு வந்தனா திட்டமும் இதோடு சேர்த்தே நடத்தப்படுகிறது. ஆகவே "அது தனி 5,000, இது தனி 14,000" என்று யாராவது கணக்குப் போட்டுக் கொடுத்தால் நம்பவேண்டாம்.

தாய்க்கு 19 வயது நிறைந்திருக்கவேண்டும். முதல் இரண்டு பிரசவங்களுக்குத்தான் இது. கர்ப்பத்தைப் 12 வாரத்துக்குள் பதிந்துவிடுவது நல்லது.

தவணை மாதத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. குழந்தையின் நான்காம் மாதத் தவணை பிறந்தநாளை வைத்து மட்டும் வருவதல்ல. 6, 10, 14-ஆம் வாரங்களில் போடும் பென்டாவேலன்ட் தடுப்பூசி மூன்றும் முடிந்ததாகப் பதிவு இருக்கவேண்டும். ஒன்பதாம் மாதத் தவணைக்குத் தட்டம்மை-ரூபெல்லா முதல் ஊசி. குழந்தைக்குச் சளி, காய்ச்சல் என்று 10-ஆம் வார ஊசி மூன்று வாரம் தள்ளிப்போனால், அடுத்த ஊசியும் தள்ளும், தவணையும் அந்த அளவுக்குத் தள்ளும். சாதாரணச் சளிக்கு ஊசியைத் தள்ளவேண்டியதில்லை என்பதை நர்ஸே சொல்வார், கேட்டுப்பாருங்கள்.

கேள்வி: பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறேன், அது வேறு மாவட்டம். இங்கே பதிந்ததெல்லாம் அங்கே செல்லுமா? (ஈரோடு)

செல்லும். பிக்மி எண் என்று சொல்லும் 12 இலக்க ஆர்சிஎச் எண் தமிழ்நாடு முழுக்க ஒன்றே. அங்கே போய்ப் புதிதாக இன்னொரு எண் மட்டும் வாங்கிவிடாதீர்கள். ஒரே கர்ப்பத்துக்கு இரண்டு எண் விழுந்தால், பரிசோதனை ஒன்றிலும் பிரசவம் இன்னொன்றிலுமாகப் பிரிந்து இரண்டிலும் பாதிப் பாதிதான் இருக்கும். எந்த எண்ணுக்கும் தவணை நகராது.

கிளம்பும்போது உங்கள் ஊர் நர்ஸிடம் போகும் ஊரையும் நாளையும் சொல்லுங்கள். தாய்-சேய் நல அட்டையை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். தாய்வீட்டில் குழந்தைக்கு ஊசி போட்டால் அட்டையில் எழுதுவதோடு, கணினியில் உங்கள் ஆர்சிஎச் எண்ணுக்கு ஏற்றினார்களா என்று அன்றைக்கே கேளுங்கள். திரும்பி வந்தபின் "அங்கே போட்டாச்சு" என்று வாய்ச்சொல்லாகச் சொல்வதைவிட அட்டையைக் காட்டினால் இங்கேயே சரிசெய்யலாம். பிறப்புச் சான்றிதழுக்கும் ஆர்சிஎச் எண் கேட்பார்கள்.

பிரசவம் முடிந்து வீடு திரும்ப 102 வண்டி இலவசம். வலி எடுத்தால் 108. அரசு மருத்துவமனையில் பிரசவம், அறுவை, மருந்து, ரத்தம், பரிசோதனை எதற்கும் காசு கிடையாது. சுகப்பிரசவத்துக்கு மூன்று நாள், சிசேரியனுக்கு ஏழு நாள் வரை சாப்பாடும் உண்டு. 2011-இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி இது தாய்க்கு உரிமை. ஒரு வயதுக்குள் குழந்தைக்கு நோய் வந்தாலும் இதே சலுகை பொருந்தும்.

கேள்வி: தனியார் ஆஸ்பத்திரியில் பிரசவமாகிவிட்டது. தொகை கிடைக்குமா? (காரைக்குடி)

முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் முழுத்தொகை அரசு மருத்துவமனைப் பிரசவத்துக்குத்தான். மத்திய அரசுத் திட்டம் பிரசவம் எங்கே நடந்தது என்று பார்ப்பதில்லை. கர்ப்பப் பதிவு, ஒரு பரிசோதனை, பிறப்புப் பதிவு, 14 வாரம் வரையான தடுப்பூசி ஆகியவற்றைத்தான் கேட்கிறது. முதல் குழந்தைக்கு 5,000, இரண்டாவது பெண்ணாக இருந்தால் 6,000 என்பது 2022 ஏப்ரலிலிருந்து உள்ள விதி. முதல் குழந்தைக்குக் கடைசி மாதவிலக்கு நாளிலிருந்து 570 நாளுக்குள்ளும், இரண்டாவது பெண்குழந்தைக்குப் பிறந்த நாளிலிருந்து 270 நாளுக்குள்ளும் விண்ணப்பம் போயிருக்கவேண்டும். தனியார் மருத்துவமனைக்குப் போனாலும் ஆர்சிஎச் எண் எடுத்துவைப்பது இதற்காகத்தான்.

கேள்வி: ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்துவிட்டது. அடுத்த முறை "ஏற்கெனவே வாங்கியாச்சு" என்று தள்ளிவிடுவார்களா? (நாமக்கல்)

மத்திய அரசுத் திட்ட விதியில், கருச்சிதைவோ இறந்து பிறப்பதோ நேர்ந்தால் அடுத்த கர்ப்பத்தில் உங்களைப் புதிய பயனாளியாகவே எடுத்துக்கொள்ளவேண்டும். பழைய ஆர்சிஎச் பதிவில் கரு கலைந்த தேதி ஏற்றப்பட்டதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய பதிவு முடிக்கப்படாமல் தொங்கினால் புதியது திறப்பதில் சிக்கல் வரும். உடம்பு தேறியபின் போனால் போதும், அவசரமில்லை.

கேள்வி: இரண்டு வயதுப் பையன், பால்வாடியில் எடை பார்த்துவிட்டு "மஞ்சளில் இருக்கிறான்" என்றார்கள். சத்துமாவு மட்டும் தருகிறார்கள். அது போதுமா? வேறென்ன கேட்கலாம்? (தர்மபுரி மாவட்டம்)

மஞ்சள் என்றால் எதை அளந்து மஞ்சள் என்று முதலில் கேளுங்கள். எடை-வயது அட்டையில் மஞ்சளா, எடை-உயரத்தில் மஞ்சளா, கைச்சுற்றளவிலா? மூன்றும் ஒன்றல்ல. குள்ளமான, ஆனால் நல்ல சதைப்பிடிப்புள்ள பிள்ளைகூட வயதுக்கேற்ற எடையில் மஞ்சளுக்கு இறங்கிவிடும். அவசரம் காட்டுவது எடை-உயரமும் கைச்சுற்றளவும்.

கைச்சுற்றளவை எப்படி எடுக்கிறார்கள் என்று பக்கத்திலிருந்து பாருங்கள். இடது கை. முழங்கையை மடக்கி, தோள்முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவில் பேனாவால் ஒரு புள்ளி. பிறகு கையைத் தொங்கவிட்டு, அந்தப் புள்ளியில் நாடாவைச் சுற்றவேண்டும். சதையை அழுத்தவும் கூடாது, இடைவெளி தெரியவும் கூடாது. சட்டைக்கை மேல் சுற்றினால் அளவு கூடிவிடும், அதனால் சட்டையைக் கழற்றச் சொல்வார்கள். 6 மாதம் முதல் 5 வயது வரை 12.5 சென்டிமீட்டருக்கு மேல் பச்சை, 11.5 முதல் 12.5 வரை மஞ்சள், 11.5-க்குக் கீழே சிவப்பு. சிவப்பு என்றால் கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு. இதோடு இரண்டு பாதங்களின் மேல்புறத்தையும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்திப் பாருங்கள். இரண்டிலும் குழி விழுந்து அப்படியே நின்றால் நாடா பச்சை காட்டினாலும் மருத்துவரிடம் போகவேண்டும். நீர்கோத்த உடம்பு எடையிலும் ஏமாற்றும்.

உணவைப் பொறுத்தவரை, 2013 தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 6 மாதம் முதல் 6 வயது வரை அங்கன்வாடியில் நாளொன்றுக்கு 500 கலோரி, 12 முதல் 15 கிராம் புரதம். கடும் குறைபாட்டில் இருக்கும் பிள்ளைக்கு 800 கலோரி, 20 முதல் 25 கிராம் புரதம். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 600 கலோரி. உங்கள் பையனுக்கு இரண்டு வயதாகிவிட்டதால் மையத்தில் மதியச் சோறும் வாரம் மூன்று முட்டையும் கேட்கலாம். முட்டையை அங்கேயே சாப்பிடவையுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்தால் அக்காவுக்குப் பாதி என்று ஆகிவிடும்.

சத்துமாவு போதுமா என்றால், அது தரும் விதத்தைப் பொறுத்தது. அதில் கோதுமை, மக்காச்சோளம், முளைகட்டிய கேழ்வரகு, கடலைமாவு, வெல்லம் எல்லாம் ஏற்கெனவே கலந்து வறுத்துத்தான் வருகிறது. தனியாகச் சர்க்கரை போடவேண்டாம். பல வீடுகளில் இரண்டு கரண்டி மாவை ஒரு சொம்புத் தண்ணீரில் கரைத்துக் கஞ்சியாகக் குடிக்கக் கொடுக்கிறார்கள். வயிறு தண்ணீரால் நிரம்பும், கலோரி போகாது. கரண்டியைச் சாய்த்தால் வழியாமல் மெதுவாக விழும் பதத்தில் கிளறுங்கள், அல்லது சுடுநீர் தெளித்து உருண்டை பிடித்துக் கொடுங்கள். மேலே ஒரு சிறுகரண்டி எண்ணெயோ நெய்யோ விட்டால் அளவு கூடாமலே சத்து கூடும். இன்னொரு சங்கடமும் உண்டு: பையனுக்கென்று கொடுத்த மாவு, வீட்டில் நாலு பேரின் காலைப் பலகாரமாகிவிடுகிறது. மாதப் பொட்டலம் பத்தே நாளில் தீர்ந்தால் பிள்ளை தேறவில்லை என்று மாவைக் குறைசொல்லிப் பயனில்லை.

சிவப்புக்குப் போனால் அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதார செவிலியர் இருவரிடமும் சொல்லி மருத்துவப் பரிசோதனை கேளுங்கள். 2022 மே மாதம் ஊட்டியில் தொடங்கிய 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டம் இத்தகைய பிள்ளைகளுக்கானது. நல்ல பசி இருந்து, வேறு நோய் இல்லாவிட்டால் வீட்டிலிருந்தே தேற்றலாம். பசியில்லை, விடாத வாந்தி, காய்ச்சல், மூச்சிரைப்பு, பாதவீக்கம் இருந்தால் அரசு மருத்துவமனையின் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையத்தில் தாயோடு சேர்த்துக்கொள்வார்கள்.

கேள்வி: செங்கல் சூளை வேலைக்கு ஆறு மாதம் வெளியூர் போகிறோம். அந்த ஊர் பால்வாடியில் "ரேஷன் கார்டு இங்க இல்லையே, முகத்தைக் காட்டி ஓடிபி வரணும்" என்கிறார்கள். (திருவண்ணாமலை மாவட்டம்)

அங்கன்வாடிக்கு ரேஷன் கார்டு தேவையில்லை. அந்த ஊரில் குடியிருக்கும் குழந்தை என்பதே தகுதி. நீங்கள் கிளம்பும் ஊரில் பழைய மையத்தில் சொல்லி, அங்கன்வாடிப் பதிவுக்கான போஷன் டிராக்கர் செயலியில் இடம்பெயர்வாகப் பதியச் சொன்னால், போகும் ஊரில் அதே பெயரைத் தேடி எடுத்துக்கொள்ளலாம். சொல்லாமல் போனால் பழைய ஊரில் பெயர் நிற்கும், புதிய ஊரில் ஏற்ற விடாது. அங்கே "இல்லை" என்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், வேண்டுமென்றே மறுப்பதல்ல.

முகப்பதிவு 2025-இல் வீட்டுக்குக் கொண்டுபோகும் சத்துமாவுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. குழந்தையின் முகம் அல்ல, வாங்கும் தாயின் முகம். ஒருமுறை ஆதார் ஓடிபி போட்டுப் பதியவேண்டும், அதன்பின் ஒவ்வொரு மாதமும் படம் எடுத்தால் போதும். ஓடிபி கணவரின் கைப்பேசிக்குப் போகிறது, அவர் சூளையில் இருக்கிறார் என்றால் அன்றைக்கு நடக்காது. பதிவுநாளில் கைப்பேசியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு ஆதார் இல்லை என்பதைக் காரணமாகச் சொல்லி எந்த உதவியையும் மறுக்கக்கூடாது என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மையத்துக்கு நேரில் வந்து உண்ணும் பிள்ளையின் தட்டுக்கும் முகப்பதிவுக்கும் சம்பந்தமில்லை.

கேள்வி: இரண்டும் பெண். சின்னவளுக்கு 2 வயது 8 மாதம். பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறதா? (கடலூர்)

நான்கு மாதம் இருக்கிறது, உட்கார்ந்திருக்க நேரமில்லை. இரண்டு பெண் இருந்தால் இரண்டாவது குழந்தைக்கு மூன்று வயது நிறையும் முன் விண்ணப்பிக்கவேண்டும். ஒரே பெண் என்றால் அவளுக்கு மூன்று வயதாகும் முன். ஒரு நாள் தாண்டினாலும் கணினி ஏற்காது.

முதலமைச்சரின் பெண் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டம் 1992-இல் வந்தது. ஒரே பெண் குழந்தை என்றால் 50,000 ரூபாய், இரண்டு பெண் என்றால் ஆளுக்கு 25,000, குழந்தையின் பெயரில் தமிழ்நாடு மின்விசை நிதி நிறுவனத்தில் வைப்பாகும். ஐந்தாண்டுக்கொருமுறை புதுப்பித்து, 18 வயதில் வட்டியோடு முதிர்வுத் தொகை. அதற்குள் பெண் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதியிருக்கவேண்டும்.

நிபந்தனைகள்: ஆண்டு வருமானம் 1,20,000-க்குள். ஆண் குழந்தை இல்லை, தத்தெடுக்கவும் கூடாது. தாயோ தந்தையோ ஒருவர் 40 வயதுக்குள் குடும்பக் கட்டுப்பாடு செய்திருக்கவேண்டும். பலர் இந்த இடத்தில்தான் தடுக்கிவிழுகிறார்கள். அறுவை செய்துகொள்ளாமல் விண்ணப்பம் போட முடியாது, கடைசி மாதத்தில் நாள் கேட்டுப் போனால் உடனே கிடைக்கும் என்றும் இல்லை. பெண்ணுக்குத்தான் செய்யவேண்டும் என்று விதி சொல்லவில்லை. ஆணுக்குச் செய்யும் கத்தியில்லா வாசக்டமி சில நிமிட வேலை, அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். இரண்டு பிரசவத்தையும் அவள்தான் சுமந்தாள் என்பதையும் வீட்டில் ஒருமுறை நினைவூட்டலாம்.

வேலையை இந்த வரிசையில் தொடங்குங்கள். முதலில் அறுவைக்கு நாள். அது நடக்கும் வாரத்திலேயே இ-சேவை மையத்தில் வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, ஆண் வாரிசு இல்லை என்ற சான்று மூன்றுக்கும் மனு. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று மூன்று மேசை தாண்டிவரும், அதனால் தனித்தனியாகப் போடாதீர்கள். குழந்தைகளின் பிறப்புச் சான்றில் பெயர் ஏறியிருக்கிறதா என்றும் அப்போதே பாருங்கள். எல்லாம் கைக்கு வந்ததும் குடும்பப் புகைப்படத்தோடு இ-சேவையில் விண்ணப்பம். பிறகு ஊர்நல அலுவலரிடம் விண்ணப்ப எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

வைப்புப் பத்திரம் வந்ததும் நகலெடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். பதினெட்டு வருடத்தில் வீடு மாறும், பீரோ மாறும்.

கேள்வி: கணவர் இறந்து ஒரு வருடம். மூன்று வயதில் ஒரு பெண். 2,000 ரூபாய் திட்டமா, 4,000 ரூபாய் திட்டமா, எதற்கு மனு போடுவது? (மதுரை)

உங்கள் நிலைக்கு 4,000. தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய 'அன்புக்கரங்கள்' மாதம் 2,000 தருகிறது. ஆனால் அது பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு, அல்லது ஒருவர் இறந்து மற்றவர் கடும் நோய், ஊனம், சிறை, பிரிந்துபோனது போன்ற காரணத்தால் வளர்க்க முடியாத நிலையில் இருக்கும் பிள்ளைகளுக்கு. தாய் நலமாக இருந்து வேலைசெய்து வளர்க்கும் வீடு அதில் வராது.

மிஷன் வாத்சல்யா திட்டத்தின் நிதி ஆதரவு, விதவைத் தாயின் பிள்ளைக்கும் உண்டு. மாதம் 4,000. குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000-க்குள் இருக்கவேண்டும். ஆட்சியர் அலுவலகம் சார்ந்த மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு கொடுக்கவேண்டும். கணவரின் இறப்புச் சான்று, வருமானச் சான்று, குடும்ப அட்டை, குழந்தையின் பிறப்புச் சான்று, ஆதார், வங்கிக் கணக்கு விவரம் எடுத்துப்போங்கள். வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள், பிறகு குழு ஒப்புதல் தரவேண்டும். ஆதலால் மாதங்கள் ஆகும். பணம் ஒதுக்கீட்டைப் பொறுத்தும் நிற்கும், அதனால் மனு எண் வாங்காமல் வராதீர்கள். ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் 1,200 ரூபாய் இதற்குத் தனி, வருவாய்த் துறையில் கேட்கவேண்டும்.

கேள்வி: பத்து மாதக் குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை என்கிறார்கள். லட்சக்கணக்கில் ஆகும் என்று பயமுறுத்துகிறார்கள். (வேலூர்)

காசு கட்டும் முன் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இருக்கும் 'மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையம்' போங்கள். எழுதிக் கொண்டுபோங்கள், பெயர் நீளம். பிறவிக்குறை, வளர்ச்சித் தாமதம் உள்ள 18 வயது வரையான பிள்ளைகளை அங்கே பரிசோதித்து, அறுவை எங்கே என்று அவர்களே வழிகாட்டுவார்கள். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் நடமாடும் மருத்துவக் குழுவும் இதன் கையே. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. அட்டை இல்லாவிட்டால் வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டுப் பிரிவுக்குப் போங்கள். குழந்தையின் பெயர் குடும்ப அட்டையில் சேர்ந்திருக்கட்டும்.

கேள்வி: எல்கேஜி இலவச இடத்துக்கு எத்தனை வயது இருக்கவேண்டும்? (சேலம்)

ஜூலை 31 அன்று மூன்று வயது நிறைந்து, நான்கு நிறையாமல் இருக்கவேண்டும். சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகளில் நுழைவு வகுப்பின் 25 சதவீத இடம் இதற்கு. வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கவேண்டும். நலிந்த பிரிவில் விண்ணப்பிக்க வருமானம் 2 லட்சத்துக்குள். எஸ்சி, எஸ்டி, பிசி, எம்பிசி பிரிவினர் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் விண்ணப்பிக்கலாம், அதற்குச் சாதிச் சான்று வேண்டும். இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். வழக்கமாகக் கோடையில் இணையதளம் திறக்கும், 2025-இல் நிதிச் சிக்கலால் மிகவும் தள்ளிப்போனது. அதனால் சான்றுகளை மார்ச்சிலேயே எடுத்துவைத்துக்கொண்டு, பக்கத்து அரசுப் பள்ளியிலும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

கேள்வி: "மகப்பேறு பணம் வந்திருக்கு, ஓடிபி சொல்லுங்க" என்று போன் வந்தது. பெயர், பிரசவத் தேதி எல்லாம் சரியாகச் சொன்னார்கள். உண்மையா? (திருப்பூர்)

பொய். அரசுப் பணம் கணக்குக்கு வர யாருக்கும் ஓடிபி தேவையில்லை. பணம் போவதற்குத்தான் ஓடிபி. நர்ஸ் ஓடிபி கேட்டால்கூட நேரில், உங்கள் அட்டையை வைத்துக்கொண்டு கேட்பார். ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு 1930-க்குப் பேசுங்கள், பிறகு வங்கிக்கு.